தொடக்கநிலை ஜாவாஸ்கிரிப்ட் துணுக்குகள்: எழுதுவோருக்கும் எடுத்து ஒட்டுவோருக்கும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொத்தானை அழுத்தினால் ஒரு பத்தி விரிய வேண்டும். படிவத்தில் உள்ள இரண்டு எண்களைக் கூட்டிக் காட்ட வேண்டும். தட்டிய எழுத்துகளை எண்ண வேண்டும். வலைப்பக்கத்தில் இப்படிப்பட்ட சின்ன வேலைகளுக்கு ஐந்து முதல் முப்பது வரிகள் போதும். அந்த வரிகளை எழுதிப் பிறருக்குக் கொடுப்பவர்களும், வாங்கித் தம் பக்கத்தில் ஒட்டுபவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் தட்டும்போது அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

துணுக்கு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே ஒரு வேலையைச் செய்யும் நிரல். அதை இயக்க எந்த மென்பொருளையும் நிறுவத் தேவையில்லை. உலாவியும் ஒரு வெறும் உரைக்கோப்பும் இருந்தால் போதும். இரண்டு வேலைகளைச் செய்கிறது என்றால் அதை இரண்டு துணுக்குகளாகப் பிரித்துவிடுங்கள். படிப்பவருக்கு அதுவே எளிது.

ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்டும் ஒன்றா?

இல்லை. 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் இந்த மொழியின் முதல் வடிவத்தைப் பத்து நாட்களில் உருவாக்கினார். மோக்கா என்ற பெயரில் தொடங்கி, லைவ்ஸ்கிரிப்ட் ஆகி, அதே ஆண்டு டிசம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. அப்போது ஜாவாவுக்கு இருந்த புகழே அந்தப் பெயருக்குக் காரணம். ஜாவா பாடத்தைத் தேடி வருபவர் உங்கள் துணுக்கில் வந்து குழம்பாமல் இருக்க, தலைப்பில் முழுப் பெயரையும் எழுதுங்கள்.

முதன்முதலாக எழுதிப் பகிர எது நல்ல துணுக்கு?

காட்டும் பொத்தான், மறைக்கும் பொத்தான். என் தேர்வு எப்போதும் இதுதான். மூன்றே அடிகள். குவெரிசெலக்டர் என்ற கட்டளையால் பொத்தானையும் பத்தியையும் பக்கத்தில் தேடி எடுத்து ஆளுக்கொரு பெயர் வைக்கிறோம். ஆட்ஈவென்ட்லிசனர் என்ற கட்டளையால், பொத்தான் சொடுக்கப்படும்வரை காத்திருக்கச் சொல்கிறோம். சொடுக்கியதும் பத்தியின் ஹிடன் என்ற பண்பை அதன் எதிர்நிலைக்கு மாற்றுகிறோம்: மறைந்திருந்தால் தெரியும், தெரிந்தால் மறையும்.

தேடுதல், காத்திருத்தல், மாற்றுதல். தொடக்கநிலைத் துணுக்குகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் வேறுபாடுகளே. படங்களை மாற்றிக் காட்டுவது, எழுத்தின் அளவைக் கூட்டுவது, படிவத்தில் காலியாக விட்ட இடத்தைச் சிவப்பாக்குவது ஆகியவற்றிலெல்லாம் தேடும் பொருளும் மாற்றும் பண்பும்தான் வேறு. இந்த ஒன்றைப் புரிந்து எழுதியவர் அடுத்த பத்தைத் தாமே எழுதிவிடுவார் என்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விரியும் பத்தி மட்டுமே தேவை என்றால், வலைப்பக்கத்தை அமைக்கும் மொழியான எச்டிஎம்எல்லில் டீடெய்ல்ஸ், சம்மரி என்ற இரண்டு குறிச்சொற்கள் இருக்கின்றன. அவை ஒரு வரி ஜாவாஸ்கிரிப்டும் இல்லாமல் இதே வேலையைச் செய்யும். துணுக்கைப் பகிரும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கற்க வந்தவர் துணுக்கை எடுத்துக்கொள்வார். வேலை முடிந்தால் போதும் என்பவர் குறிச்சொல்லை எடுத்துக்கொள்வார்.

அப்படியே நகலெடுத்து ஒட்டினேன். ஒன்றுமே நடக்கவில்லை. ஏன்?

முதலில் உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, கன்சோல் என்ற பகுதியைத் திறங்கள். அங்கே சிவப்பில் ஒரு செய்தி இருக்கும். அதைப் படிக்காமல் நிரலை மாற்றத் தொடங்க வேண்டாம்.

அந்தச் செய்தியில் 'நல்' என்ற சொல் வந்தால், நிரல் தேடிய பொருள் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று பொருள். பெரும்பாலும் இதற்குக் காரணம் இடம்தான். உலாவி பக்கத்தை மேலிருந்து கீழாகப் படிக்கிறது. நிரல் பக்கத்தின் தலைப்பகுதியில் இருந்தால், பொத்தான் உருவாகும் முன்பே நிரல் ஓடி அதைத் தேடிவிடுகிறது. நிரலைப் பக்கத்தின் அடியில், உடல்பகுதி முடியும் இடத்துக்குச் சற்று முன்னால் வையுங்கள். டிஃபர் என்ற பண்பைச் சேர்த்தால் போதும் என்று பலர் எழுதுவார்கள். நிரல் தனிக் கோப்பில் இருந்து, எஸ்ஆர்சி என்ற பண்பு வழியாக அழைக்கப்படும்போதுதான் அது வேலை செய்யும். பக்கத்துக்குள்ளேயே எழுதிய சாதாரண நிரலில் டிஃபர் சேர்த்தால் உலாவி அதைப் பொருட்படுத்தாது. இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்ட விளக்கங்களால் பல மணி நேரங்களை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

இடம் சரியாக இருந்தும் 'நல்' வந்தால் அடையாளப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் இங்கே வெவ்வேறு.

எதிர்பாராத குறி என்ற பொருளில் செய்தி வந்தால் மேற்கோள்குறிகளைப் பாருங்கள். நிரலுக்கு நேர் மேற்கோள்குறி வேண்டும். சொற்செயலிகளும் அரட்டைச் செயலிகளும் சில தளங்களும் அதை வளைந்த மேற்கோள்குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு அழகாக இருக்கும், உலாவிக்குப் புரியாது. நான் அனுப்பிய ஒரு துணுக்கு ஓடவில்லை என்று ஒருவர் எழுதியபோது, ஒரு மாலை முழுவதும் தருக்கத்தில் பிழை தேடினேன். கடைசியில் காரணம் இரண்டு வளைந்த குறிகள். அன்றிலிருந்து நிரலைச் சொற்செயலிக் கோப்பில் வைத்து அனுப்புவதில்லை.

5ஐயும் 5ஐயும் கூட்டினால் 55 வருகிறது. என்ன பிழை?

படிவப் பெட்டியிலிருந்து வரும் மதிப்பு எண் அல்ல, சரம், அதாவது எழுத்துகளின் தொடர். இரண்டு சரங்களுக்கு நடுவே கூட்டல் குறி வந்தால் அவை ஒட்டிக்கொள்ளும். நம்பர் என்ற கட்டளைக்குள் அந்த மதிப்பைக் கொடுத்து, எண்ணாக மாற்றிய பிறகு கூட்டுங்கள்.

அதற்குப் பிறகும் இரண்டு பள்ளங்கள் உண்டு. காலிப் பெட்டியை நம்பர் கட்டளை பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றும் தட்டாதவருக்கும் விடை வந்துவிடும். பெட்டி காலியா என்று முன்னதாகவே சோதியுங்கள். அடுத்தது, ௫ என்று தமிழ் எண்ணில் தட்டினால் ஜாவாஸ்கிரிப்ட் அதை எண்ணாக ஏற்பதில்லை. தமிழ் எண்களை ஏற்க விரும்பினால், ௦ முதல் ௯ வரை ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணாக மாற்றும் சிறு செயற்கூறு ஒன்றை முன்னால் வைக்க வேண்டும்.

0.1ஐயும் 0.2ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது உங்கள் பிழை அல்ல. எண்களை இரும முறையில் சேமிப்பதால் வரும் நுண்ணிய விலகல் அது. வேறு பல மொழிகளிலும் இப்படித்தான் வரும். பணக் கணக்குத் துணுக்கு என்றால் மிகச் சிறிய நாணய அலகில் முழு எண்ணாகக் கணக்கிட்டு, காட்டும்போது மட்டும் வகுத்துக் காட்டுங்கள்.

பக்கத்தில் எழுத இன்னர்எச்டிஎம்எல் போதாதா? எல்லா எடுத்துக்காட்டுகளிலும் அதுதானே இருக்கிறது?

இருக்கிறது. தொடக்கநிலைத் துணுக்குகளில் நான் மிகவும் கவலைப்படும் பழக்கமும் அதுதான்.

பெயர் கேட்டு வணக்கம் சொல்லும் துணுக்கை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் தட்டிய பெயரை இன்னர்எச்டிஎம்எல் வழியாகப் பக்கத்தில் வைத்தால், உலாவி அந்தப் பெயரை எச்டிஎம்எல்லாகப் படிக்கும். ஒருவர் பெயருக்குப் பதிலாக ஒரு படக் குறிச்சொல்லைத் தட்டி, படம் கிடைக்காதபோது ஓட வேண்டிய நிரலை அதன் ஆன்எரர் பண்பில் எழுதியிருந்தால், அந்த நிரல் ஓடும். 'ஸ்கிரிப்ட் குறிச்சொல்லை இப்படி நுழைத்தால் ஓடாது, ஆகவே பாதுகாப்புதான்' என்று சிலர் சொல்வார்கள். ஸ்கிரிப்ட் குறிச்சொல் ஓடாது என்பது உண்மைதான். படக் குறிச்சொல் வழியாக ஓடுமே!

தன் பெட்டியில் தானே தட்டுவதால் என்ன கேடு என்று கேட்கலாம். அதே துணுக்கை இன்னொருவர் எடுத்து, பலர் எழுதும் கருத்துகளைக் காட்டப் பயன்படுத்தும்போதுதான் கேடு தொடங்குகிறது. 2005ஆம் ஆண்டு அக்டோபரில் மைஸ்பேஸ் தளத்தில் ஒரு பயனரின் சுயவிவரப் பக்கத்தில் மறைத்து வைத்த ஜாவாஸ்கிரிப்ட், அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்களின் பக்கங்களிலும் தன்னை எழுதிக்கொண்டது. ஒரு நாளுக்குள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் பரவியது. பயனர் எழுதியதை உரையாக வைக்காமல், இயங்கும் பக்கப் பகுதியாக வைத்ததுதான் அடிப்படை ஓட்டை.

மாற்று மிக எளிது. டெக்ஸ்ட்கன்டென்ட் என்ற பண்பில் எழுதுங்கள். அது எதைக் கொடுத்தாலும் வெறும் எழுத்தாகவே காட்டும். தட்டுவதற்கு அதிக நேரமும் ஆகாது. துணுக்கு எழுதுபவர் இதைப் பழகிக்கொண்டால், அதை எடுத்து ஒட்டும் அத்தனை பேரும் காப்பாற்றப்படுகிறார்கள்.

தமிழ் எழுத்துகளை எண்ணும் துணுக்கு எழுதினேன். 'தமிழ்' என்ற சொல்லுக்கு 5 காட்டுகிறது. 3 அல்லவா வர வேண்டும்?

ஆம், 3தான். லெங்த் என்ற பண்பு நாம் பார்க்கும் எழுத்துகளை எண்ணுவதில்லை. சேமிக்கப்பட்ட குறியீடுகளை எண்ணுகிறது. 'தமிழ்' என்பது கணினிக்குள் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். ஆங்கிலத்தில் சரியாக ஓடும் எழுத்தெண்ணி தமிழில் தவறுவது இதனால்தான். எச்டிஎம்எல்லின் மேக்ஸ்லெங்த் பண்பும் இப்படியே எண்ணும்; 100 என்று வரம்பு வைத்தால் தமிழில் எழுதுபவருக்கு அதைவிடக் குறைவான இடமே கிடைக்கும்.

சரியான வழி, ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல் என்ற தொகுப்பில் உள்ள செக்மென்டர். அது சரத்தைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். அந்தத் துண்டுகளை எண்ணினால் 'தமிழ்' 3 ஆகும். 2024 ஏப்ரலில் வந்த 125ஆம் பதிப்பிலிருந்து ஃபயர்ஃபாக்ஸிலும் அது இருப்பதால், முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இப்போது பயன்படுத்தலாம். 'க்ஷ' போன்ற கூட்டெழுத்தை மட்டும் அது க், ஷ என இரண்டாக எண்ணும். உங்கள் தேவைக்கு அது ஒன்றாக இருக்க வேண்டும் என்றால் தனியாகக் கையாளுங்கள். எப்படி எண்ணுகிறீர்கள் என்பதை விளக்கக் குறிப்பிலும் எழுதிவிடுங்கள்.

சொல்லைத் திருப்பிப் போடும் துணுக்கும் இதே காரணத்தால் சிதையும். குறியீடுகளாகப் பிரித்துத் திருப்பினால் புள்ளி முதலில் வந்து நிற்கும்; உயிர்க்குறி வேறு எழுத்தில் போய் ஏறும். செக்மென்டரால் பிரித்த பிறகு திருப்புங்கள்.

தேடல் துணுக்கு எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. 'கொ' என்ற எழுத்தைச் சில விசைப்பலகைகள் ஒற்றை உயிர்க்குறியோடு சேமிக்கலாம். வேறு சில ஒற்றைக் கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகச் சேமிக்கலாம். பார்க்க ஒன்றுதான், ஒப்பிட்டால் சமம் ஆகாது. ஒப்பிடும் முன் இரண்டு சரங்களையும் நார்மலைஸ் கட்டளைக்கு அனுப்பினால் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். பிற மொழிகளில் வெளிவரும் தொடக்கநிலைத் துணுக்குகளில் இவையெல்லாம் பெரும்பாலும் இருக்காது. தமிழில் எழுதும் நாம்தான் இவற்றைச் சேர்க்க வேண்டும். அதனால்தான் இந்தப் பதிலை நீட்டினேன்.

மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா?

வைக்கலாம். மொழி அனுமதிக்கிறது, உலாவி ஏற்கிறது. தமிழ்ப் பெயர் வைத்த துணுக்கில் எது மொழியின் சொல், எது நாம் வைத்த பெயர் என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். புதிதாகக் கற்பவருக்கு இதைவிட நல்ல உதவி குறைவு. பல மொழியினர் சேர்ந்து வேலை செய்யும் இடத்துக்குப் போகும் நிரல் என்றால் மட்டும் ஆங்கிலப் பெயர் வையுங்கள்.

ஒரு துணுக்கு மிகப் பழையது என்பதை எப்படிக் கண்டுகொள்வது?

டாக்குமென்ட்.ரைட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பக்கம் முழுதாக ஏறிய பிறகு அது ஓடினால் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் அழித்துவிடும். அடுத்து கெட்இயர். அது ஆண்டிலிருந்து 1900ஐக் கழித்த எண்ணைத் தரும். அதன் முன்னால் '19' என்று ஒட்டிக் காட்டிய துணுக்குகள் 2000 பிறந்ததும் '19100' என்று காட்டின. இப்போது கெட்ஃபுல்இயர்தான் பயன்படுத்த வேண்டும். ஸ்கிரிப்ட் குறிச்சொல்லுக்குள் எச்டிஎம்எல் குறிப்புக் குறிகள் சுற்றியிருந்தால், அந்தத் துணுக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத உலாவிகள் இருந்த 1990களின் பழக்கத்தில் எழுதப்பட்டது.

மாறிகளை அறிவிக்கும் சொற்களில் வார் மட்டும் இருந்து லெட், கான்ஸ்ட் இரண்டும் இல்லை என்றால் 2015க்கு முந்தைய நடையாக இருக்கலாம். அது ஒரு குற்றமல்ல, ஓடும். மேலே சொன்ன மூன்றும்தான் மாற்றியே ஆக வேண்டியவை.

கடிகாரத் துணுக்கு எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: மாதங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஜனவரி 0, டிசம்பர் 11. நாட்கள் மட்டும் 1லிருந்து.

துணுக்கோடு சேர்த்து என்ன எழுத வேண்டும்?

நிரலை மட்டும் கொடுப்பது பாதி வேலை. எடுத்து ஒட்டுபவரின் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. ஆகவே, தனியாகச் சேமித்துத் திறந்தால் ஓடும் முழு எச்டிஎம்எல் பக்கத்தையே கொடுங்கள். பத்து வரி கூடும், அவ்வளவுதான். பகிரும் முன் அதை ஒரு காலிக் கோப்பில் நீங்களே ஒட்டித் திறந்து பாருங்கள். உங்கள் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் வேறொரு நிரலின் தயவால் ஓடிக்கொண்டிருந்த துணுக்கு அப்போதுதான் பிடிபடும்.

படிப்பவர் மாற்ற வேண்டியவற்றை, அதாவது வினாடி எண்ணிக்கை, நிறம், காட்ட வேண்டிய வாக்கியம் ஆகியவற்றை, நிரலின் முதல் வரிகளுக்குக் கொண்டுவந்து பெயர் வையுங்கள். நடுவில் புதைந்த எண்ணைத் தேட வைப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. துணுக்கு எதைச் செய்யாது என்பதையும் எழுதுங்கள்: 'பக்கத்தை மூடினால் எண்ணிக்கை அழிந்துவிடும்', 'விசைப்பலகையால் இயக்க முடியாது' என்பதுபோல. எழுதிய தேதியும் வேண்டும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. உங்கள் துணுக்கிலும் வேறொருவர் துணுக்கிலும் 'பொத்தான்' என்ற அதே பெயர் கான்ஸ்ட் கொண்டு அறிவிக்கப்பட்டிருந்தால், ஒரே பக்கத்தில் இரண்டையும் ஒட்டியவருக்கு இரண்டாவது துணுக்கு முழுவதுமே ஓடாது. நிரலை ஒரு சோடி நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டால் கான்ஸ்ட், லெட் கொண்டு அறிவித்த பெயர்கள் அதற்குள்ளேயே நின்றுவிடும். இரண்டே குறிகள், முன்பின் தெரியாத ஒருவரின் பக்கத்தை உடைக்காமல் காக்கும்.

நகலெடுக்கும் பொத்தான் என் கணினியில் ஓடுகிறது, தளத்தில் ஏற்றினால் ஓடவில்லை.

உங்கள் தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் இருக்கலாம். நகல்பலகையில் எழுதும் புதிய கட்டளை பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே கிடைக்கும். சொந்தக் கணினியின் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைப் பாதுகாப்பானதாகக் கருதுவதால் அங்கே ஓடியது. 'நகலெடுக்கப்பட்டது' என்ற செய்தியை, வேலை உண்மையாகவே முடிந்த பிறகு மட்டும் காட்டுங்கள்.

பிறர் தளத்தில் இருக்கும் நிரலை, நகலெடுக்காமல் இணைப்பு வழியாகவே அழைக்கலாமா?

சின்னத் துணுக்குகளுக்கு வேண்டாம். நகலெடுத்து உங்கள் கோப்பில் வையுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்ற பதினோரு வரித் தொகுப்பை அதை எழுதியவர் என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகளின் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பியிருந்த ஏராளமான மென்பொருள்களின் கட்டமைப்பு நின்றுபோனது. 2024 ஜூனில் இதைவிட மோசம். பழைய உலாவிகளுக்கு உதவப் பல தளங்கள் அழைத்துக்கொண்டிருந்த பாலிஃபில் முகவரி வேறு கைக்கு மாறிய பிறகு, அங்கிருந்து தீங்கான நிரல் வரத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. இணைப்புதான் வேண்டும் என்றால் இன்டெக்ரிட்டி பண்பில் கோப்பின் கைரேகைக் குறியீட்டைச் சேருங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை ஏற்றாது.

கன்சோலில் ஒட்டச் சொல்லி ஒருவர் ஒரு வரி கொடுத்தார். ஒட்டலாமா?

என்ன செய்கிறது என்று உங்களுக்குப் புரியாவிட்டால் ஒட்டாதீர்கள். நீங்கள் உள்நுழைந்திருக்கும் தளத்தில் உங்கள் பெயரிலேயே அது எதையும் செய்ய முடியும். உலாவிகள் கன்சோலில் முதன்முறை ஒட்டும்போது எச்சரிப்பது இதற்காகத்தான்.

உரிமம் தேவையா? ஆறு வரிக்குக்கூடவா?

ஆறு வரிக்கு யாரும் வழக்குத் தொடுக்கமாட்டார்கள். ஆனாலும் எழுதுங்கள். உரிமம் இல்லாத நிரலைப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பது படிப்பவருக்குத் தெரியாது. மனச்சான்று உள்ளவர் தயங்கி விட்டுவிடுவார். எம்ஐடி உரிமம் சுருக்கமானது, பலருக்கும் தெரிந்தது. எந்த நிபந்தனையும் வேண்டாம் என்றால் சிசி0. கிரியேட்டிவ் காமன்ஸின் மற்ற உரிமங்கள் மென்பொருளுக்குப் பொருத்தமல்ல என்று அந்த அமைப்பே சொல்கிறது. பிறர் துணுக்கிலிருந்து எடுத்துத் திருத்தியிருந்தால் மூலத்தைக் குறிப்பிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த துணுக்கைப் பகிரலாமா?

ஒவ்வொரு வரியையும் உங்களால் விளக்க முடிந்தால் பகிரலாம். கேள்வி கேட்டு வருபவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

வலச்சொடுக்கைத் தடுக்கும் துணுக்கு கிடைக்குமா?

எழுதத் தெரியும், கொடுப்பதில்லை. பக்க மூலத்தை உலாவி எப்படியும் காட்டும். ஆகவே அது எதையும் காப்பதில்லை. இணைப்பைப் புதிய தாவலில் திறக்க விரும்புபவரையும், எழுத்துக்கூட்டலைத் திருத்த விரும்புபவரையும் மட்டும் தடுக்கும்.

நான் பகிர்ந்த துணுக்கில் பிழை இருப்பதாக ஒருவர் சொன்னார். என்ன செய்வது?

எந்த உலாவி, கன்சோலில் என்ன செய்தி என்று கேளுங்கள். அதே நிலையை உங்கள் கணினியில் உருவாக்கிப் பாருங்கள். திருத்தியதும் துணுக்கு இருக்கும் அதே இடத்தில் மாற்றுங்கள். திருத்தம் வேறெங்கோ கீழே கிடந்தால் அடுத்தவர் பழையதையே எடுத்துப்போவார். என்ன மாறியது, எந்தத் தேதியில் மாறியது என்று நிரலின் முதல் வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். முன்பே எடுத்துப் பயன்படுத்துபவர் தம்மிடம் இருப்பது பழையதா புதியதா என்று அந்த வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.